'பொட்டை நாயா... வேணாங்க!' - காப்பகத்தில் காத்திருக்கும் நாட்டு நாயைத் தத்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. புதுச்சேரியை அடுத்த சின்னகாலாப்பட்டு மீனவ கிராமம். கடல் பொங்கி வருவது தெரிந்ததும், ஒரு தாய் தன் மூன்று மகன்களில் சின்னவர்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு ஓடினார். மூத்தவனுக்கு ஏழு வயது. பின்னாலேயே ஓடி வந்துவிடுவான் என்று நம்பினார். அவனோ பயத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே இருந்த தங்கள் குடிசைக்குள் போய்விட்டான். அவனைத் துரத்திக்கொண்டு உள்ளே போன வீட்டு நாய், மூக்கால் முட்டி, பல்லால் இழுத்து, அவனை வெளியே கிளப்பி மேட்டுப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. பையன் பிழைத்துக்கொண்டான். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2005-ம் ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்ட இந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. அந்த நாயின் பெயர், செல்வகுமார்!

செல்வகுமார் லாப்ரடாரும் இல்லை, ஜெர்மன் ஷெப்பர்டும் இல்லை. மஞ்சள் நிறம், மெலிந்த உடம்பு. பஸ் ஸ்டாப்பில் படுத்திருந்தால் நீங்களும் நானும் தாண்டிப் போய்விடுகிற சாதாரண நாய்.

அப்படிப்பட்ட நாய்கள்தான் இன்று காப்பகங்களில் வீடு கிடைக்காமல் காத்திருக்கின்றன. வில்லியனூர், பாகூர் பக்கம் இருக்கும் உங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தால், கடையில் விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்?

எந்தக் காப்பகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கேட்டைத் திறந்ததும் நாலைந்து நாய்கள் குரைக்கும். ஒன்றிரண்டு மூலையில் ஒதுங்கும். ஒரே ஒரு நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்து, முழங்கால் மேல் சாய்ந்து நின்றுகொள்ளும். பெரும்பாலும் அது செவலையாகவோ கறுப்பாகவோ இருக்கும். இரண்டு, மூன்று வயது ஆகியிருக்கும். பெண் நாயாக இருக்கும்.

'இவ்வளவு பாசமா இருக்கே, இதுதான் முதல்ல போயிடும்' என்று நினைப்போம். நடப்பதே வேறு. தத்தெடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். "குட்டி இல்லையா?", "ஜாதி நாய் இருக்கா?", "ஆம்பளையா, பொட்டையா?" வளர்ந்த, நாட்டு, பெண் நாய் இந்த மூன்றிலுமே தோற்றுப்போகும். நேற்று வந்த பொமரேனியன் இன்று போய்விடும். முழங்காலில் சாய்கிற செவலை, அடுத்து வருகிறவருக்காக மறுபடியும் கேட்டுக்கு ஓடும்.

ஆனால், கிராமத்து வீட்டுக்குப் பொருத்தமான நாயே அதுதான். குட்டி என்பது லாட்டரி மாதிரி. வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும், கோழியைத் துரத்துமா, குழந்தைகளிடம் எப்படி இருக்கும் என்று இரண்டு மாதக் குட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மூன்று வயது நாயிடம் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். செருப்பைக் கடித்துக் குதறும் வயதையும் அது தாண்டியிருக்கும். நம்ம ஊர் வெயிலைத் தாங்க அதற்கு ஏசி தேவையில்லை. உடம்பில் குட்டை முடி என்பதால் வாரம் ஒருமுறை சீவிவிட்டாலே போதும். நசுங்கிய மூக்கோடு பிறக்கும் பக் நாய் மே மாதத்தில் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

'பொட்டை நாய்' பயம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பெண் நாய் பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினையானால் சுமார் 63 நாளில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு நாலிலிருந்து எட்டுக் குட்டி வரை சாதாரணம். 'யார் வளர்க்கிறது?' என்ற கேள்வி வரும். பதிலாக, கண்கூடத் திறக்காத பெண் குட்டிகளை ஏரிக்கரையிலும் கோயில் வாசலிலும் பைபாஸ் ஓரத்திலும் விட்டுவிட்டுப் போவார்கள். பிழைத்த குட்டிகள் அடுத்த வருஷம் அதே தெருவில் குட்டி போடும். தெருநாய்கள் பெருகிவிட்டன என்று புலம்புகிறோமே... அந்தப் பெருக்கத்தில் நம் வீட்டு வாசலில் தொடங்கியதும் உண்டு.

இதற்கெல்லாம் தீர்வு ஒரே ஓர் அறுவை சிகிச்சை. கருத்தடை செய்த பெண் நாய் பருவத்துக்கு வராது, வாசலில் ஆண் நாய்க் கூட்டம் சேராது, குட்டியும் போடாது. கூடவே, வயதான பெண் நாய்களின் உயிரைக் குடிக்கும் கர்ப்பப்பை சீழ் நோய் வராது. சின்ன வயதிலேயே செய்துவிட்டால், மார்பகக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். 'கருத்தடை செஞ்சா காவல் காக்காது' என்பது வெறும் நம்பிக்கை. வீட்டைக் காக்கும் குணத்துக்கும் கர்ப்பப்பைக்கும் சம்பந்தமே இல்லை.

நாய்களைப் பிடித்துக் கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று 1960-களிலிருந்தே சொல்லிவந்தது, 1959-ல் சென்னையில் தொடங்கிய 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா'. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1996-ல் சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. பின்னர் 2001-ல் அதுவே நாடு முழுவதற்குமான விதியானது. இப்போது நடைமுறையில் இருப்பது 2023-ம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள்.

காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும் நாயைப் பார்த்தால் 'அடிபட்டுடுச்சு போல' என்று நினைக்காதீர்கள். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டதற்கான அடையாளம் அது. காப்பகத்தில் அந்தக் காதோடு ஒரு பெண் நாய் உங்களிடம் வந்தால், நீங்கள் பயப்படும் விஷயத்தை யாரோ முன்பே முடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

முடிவெடுக்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

நாட்டு நாய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 12 முதல் 15 வருடம் வாழும். இன்று ஒண்ணாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் கல்லூரிக்குப் போகும் வரை அந்த நாய் உங்களோடு இருக்கும். அதனால், பரிதாபத்தில் முடிவெடுக்காமல் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

* தினமும் இரண்டு வேளை சாப்பாடு வைப்பதும், கழுவிச் சுத்தம் செய்வதும் யார்? 'எல்லோரும்' என்ற பதில் வந்தால் கடைசியில் அம்மாதான் செய்வார் என்று அர்த்தம். பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள்.
* சபரிமலை, கல்யாணம், காரியம் என்று நாலு நாள் வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?
* வாடகை வீடா? ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்களா?
* கோழி, ஆடு, கன்றுக்குட்டி இருக்கிறதா? அப்படியென்றால் காப்பகத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும்.
* வீட்டில் கைக்குழந்தையோ, நாய் என்றாலே நடுங்கும் பாட்டியோ இருக்கிறார்களா?
* வருடாந்திரத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, திடீர் வைத்தியம் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்க முடியுமா?

இதில் ஏதாவது ஒன்றுக்கு உறுதியான பதில் இல்லையென்றால், ஆறு மாதம் தள்ளிப்போடுவதில் தப்பே இல்லை. கூட்டிவந்து திருப்பி விடுவதுதான் தப்பு. ஒருமுறை திருப்பி விடப்பட்ட நாய், அடுத்த முறை அவ்வளவு சுலபமாக யார் முழங்காலிலும் சாயாது.

காப்பகத்தில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் நாய்கள் காப்பகம் பல வருடங்களாக இயங்குகிறது. புதுச்சேரியில் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலேயே தற்காலிகமாக வைத்துப் பராமரித்துத் தத்துக் கொடுப்பதும் உண்டு. எங்கே போனாலும் ஒருமுறை பார்த்ததும் கூட்டிவராதீர்கள். இரண்டு முறையாவது, வேறு வேறு நேரங்களில் போங்கள். இரண்டாவது முறை குடும்பத்தோடு போங்கள்.

நாயை நோக்கி நேராக நடந்துபோய்த் தலையைத் தடவுவது பலரும் செய்யும் தவறு. பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். அது வந்து முகர்ந்து பார்க்கட்டும். உடம்பு தளர்வாக, வால் இடுப்பு உயரத்தில் அகலமாக ஆடினால் அது நட்பு. வால் விறைத்து மேலே நின்று வேகமாகத் துடித்தால், அது பதற்றம். வால் ஆடுவதெல்லாம் பாசம் இல்லை. உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'எனக்குக் கொஞ்சம் இடம் குடுங்க' என்பதன் நாய் மொழி.

பொறுப்பாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: எப்படி, எங்கிருந்து வந்தது? கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறதா? யாரையாவது கடித்திருக்கிறதா? சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுமா? மற்ற நாய்களோடு எப்படி? முடிந்தால் கயிறு கட்டி சாலை வரை நடத்திப் பாருங்கள். டூவீலரைத் துரத்தப் பாய்கிறதா, கோழியைக் கண்டால் உறைந்து நிற்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காப்பகத்தில் சாதுவாக இருக்கும் நாய் எல்லா வீட்டிலும் சாதுவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடனின் நாய் 'மேஜர்' இதற்கு நல்ல உதாரணம். 2018-ல் பைடன் குடும்பம் காப்பகத்திலிருந்து தத்தெடுத்த நாய் அது. 2021-ல் வெள்ளை மாளிகைக்குப் போனதும் அங்கிருந்த கூட்டம், பரபரப்பு, புது முகங்கள் ஒத்துக்கொள்ளாமல் ஊழியர்களைக் கடித்தது. அந்த வருடமே அதை அமைதியான வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேஜர் கெட்ட நாய் இல்லை, அந்த இடம் அதற்குப் பொருந்தவில்லை. பத்துப் பேர் வந்துபோகும் உங்கள் வீட்டுக்குக் கூச்ச சுபாவமுள்ள நாய் பொருந்தாது. ஆள் நடமாட்டமே இல்லாத கழனி வீட்டில், மனிதர்களைத் தேடும் நாய் ஏங்கிப்போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025-ல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த தெருநாய் வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டெல்லி தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி ஆகஸ்ட் 11-ல் ஓர் உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், ரேபிஸ் பாதித்தவை, ஆக்ரோஷமானவை மட்டும் விதிவிலக்கு என்றது. தெருநாயை வளர்க்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. அடுத்து நவம்பர் 7-ல் வந்த உத்தரவு: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகங்களில் இருக்கும் நாய்களைக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். அவற்றை அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது.

இந்தக் கடைசி உத்தரவின் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் வாலாட்டி பிஸ்கட் வாங்கித் தின்ற நாய்க்கு, இனி அந்த வாசல் இல்லை. காப்பகத்திலிருந்து வெளியே வர அதற்கு மிச்சம் இருக்கும் வழி, ஒரு வீடு மட்டுமே.

நம்ம பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பல ஊர்களுக்கு நடுவே தமிழ்நாட்டு எல்லை போகிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் விழுப்புரம் அல்லது கடலூர் மாவட்டம். தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஆனால் நாய்க்கு எல்லை தெரியாது. இந்தப் பக்கம் ஒரு தெருவில் கருத்தடை முடித்தாலும், அந்தப் பக்கத்திலிருந்து புதிது வந்துவிடும். இப்படி இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவில் விடுபடும் நாய்க்கு, ஒரு வீடு பொறுப்பேற்றால் கணக்கு அங்கேயே முடிகிறது.

தத்தெடுக்கும்போது காப்பகம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கும். அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார்கள். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தும் பார்ப்பார்கள். 'ஓசியில நாய் குடுக்கறதுக்கு இவ்வளவு கேள்வியா?' என்று எரிச்சல் படாதீர்கள். கேள்வியே கேட்காமல் கொடுக்கும் இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். அப்படியே உங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் உரிமம், பதிவு பற்றி விசாரித்து முடித்துவிடுங்கள்.

வளர்த்த நாயைக் காரணமில்லாமல் கைவிடுவது, குட்டையான கயிற்றில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது இரண்டுமே 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சட்டம் பயமுறுத்தாது. நம் மனசாட்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

காப்பக ஆர்வலர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு இது. முதல் மூன்று நாள் நாய் மிரண்டு போயிருக்கும். சாப்பிடாது, கட்டிலுக்கடியில் பதுங்கும், வீட்டுக்குள் சிறுநீர் போகும். அதற்கென்று ஒரு மூலை, ஒரு பழைய போர்வை, தண்ணீர்க் கிண்ணம் கொடுத்துவிட்டு விலகிவிடுங்கள். சொந்தக்காரர்களை அழைத்துக் காட்டுவதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.

மூன்று வாரத்தில் வீட்டின் நேர ஒழுங்கு அதற்குப் பிடிபடும். பால்காரர் வரும் நேரம், ஸ்கூல் வேன் வரும் நேரம் எல்லாம் தெரிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரப் பழக்குவதை இந்தச் சமயத்தில் தொடங்குங்கள். வந்ததும் சின்னதாக ஏதாவது தின்னக் கொடுங்கள். அடிக்காதீர்கள். அடி வாங்கும் நாய் தப்பை விடாது, உங்களிடமிருந்து விலகத்தான் கற்றுக்கொள்ளும்.

இது தன் வீடு என்று அது முழுசாக நம்ப மூன்று மாதம் ஆகலாம். அதுவரை கேட்டைத் திறந்து வைக்காதீர்கள். தத்தெடுத்த நாய்கள் தொலைந்துபோவதற்கு வாய்ப்பு அதிகம் இருப்பது முதல் சில நாள்களில்தான். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதி மாட்டுங்கள். ஆடு, கோழியோடு பழக்கும்போது கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தூரத்திலிருந்து தினமும் கொஞ்ச நேரம் பார்க்கவிடுங்கள். அவசரப்பட்டால் ஒரு கோழி போகும், கூடவே நாயின் பெயரும் போகும்.

என்ன சாப்பாடு?

'நாங்க சாப்பிடறதையே போடுவோம்' என்பதுதான் நம்ம ஊர் வழக்கம். அதில் பாதி சரி, பாதி ஆபத்து. சோறு தாராளமாகப் போடலாம், ஆனால் சோறு மட்டும் போதாது. கூடவே வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், எலும்பில்லாத கோழிக்கறி, கொஞ்சம் ஈரல் என்று புரதம் சேர வேண்டும். வேகவைத்த பூசணி, கேரட் சேர்க்கலாம். பால் பல நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும். தயிர் பரவாயில்லை. உப்பு, காரம் வேண்டாம்.

கூடாதவை: வெங்காயம், பூண்டு (சாம்பாரும் குழம்பும் இதனால்தான் கூடாது), திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், உப்புக் கருவாடு. வேகவைத்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும். பிரியாணி முடிந்ததும் இலையோடு வெளியே தள்ளுகிறோமே, அதில் இந்த ஆபத்து இருக்கிறது. வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை, குட்டிக்கு மூன்று நான்கு வேளை. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

தடுப்பூசி... இதில் சமரசமே கூடாது

உலகில் நடக்கும் ரேபிஸ் மரணங்களில் ஏறக்குறைய 36 சதவிகிதம் இந்தியாவில் நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவிகிதம் நாய் மூலம் வருவது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய முடியாது. அதே சமயம், உரிய நேரத்தில் ஊசி போட்டால் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்துவிடலாம். 1885-ல் பாரீஸில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்ட ஊசியில் தொடங்கிய மருத்துவம் இது. அவர் நினைவு நாளான செப்டம்பர் 28-தான் உலக ரேபிஸ் தினம்.

உங்கள் நாய்க்கு: குட்டியாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ போன்றவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த தவணைகள், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. வளர்ந்த நாயாக இருந்து அட்டை இல்லையென்றால், போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள். பிறகு வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி. குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

வில்லியனூர் பக்கம் இருப்பவர்களுக்குக் குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. கிராமப்புறங்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. மாட்டுக்கு ஊசி போட நாம் போகும் அதே இடம்தான்.

நாய் கடித்துவிட்டால்: உங்கள் நாயோ, தெருநாயோ, சின்னக் கீறலோ... குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதன்பின் 3, 7, 28-ம் நாள்கள் என்று நான்கு தவணை. ரத்தம் வந்த காயமாக இருந்தால் ஊசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டியிருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் கீறலை அம்மாவிடம் மறைப்பார்கள். 'திட்ட மாட்டேன், சொல்லு' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிராமத்து ஆபத்துகள்

* சொறிக்குப் பழைய இன்ஜின் ஆயில், உண்ணிக்கு வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, மண்ணெண்ணெய்... இந்தக் கை வைத்தியங்கள் எல்லாமே விஷம். நாய் நக்கினால் உள்ளே போகும், நக்காவிட்டாலும் தோல் வழியே போகும். இரண்டுக்கும் மருந்தகத்தில் நல்ல மருந்து இருக்கிறது.
* காய்ச்சல் என்று பாரசிட்டமால், வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. நாயின் உடம்பு அவற்றைத் தாங்காது.
* உண்ணி கடியால் வரும் காய்ச்சலில் நாய் சோர்ந்து, சாப்பாடு மறுத்து, ஈறு வெளுத்துப்போகும். இரண்டு நாள் பார்ப்போம் என்று விடாதீர்கள்.
* நெல் கழனியில் வைக்கும் எலி மருந்தை நாயும் தின்னும், அந்த எலியைத் தின்ற நாயும் பாதிக்கப்படும். பக்கத்துக் கழனிக்காரரிடம் மருந்து வைக்கும் நாளைக் கேட்டு, அன்று நாயைக் கட்டிவையுங்கள்.
* அறுவடை நேரத்தில் பாம்பு நடமாட்டம் அதிகம். முகமோ காலோ திடீரென வீங்கினால் நேரே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.
* தீபாவளி அன்று மதியமே நடத்திக் கூட்டிப்போய் வந்து, இருட்டும் முன் உள்ளறையில் விட்டுவிடுங்கள். மிரண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் அன்று அதிகம்.
* கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால், வலை போட்டு மூடிய பிறகே நாயைக் கூட்டிவாருங்கள்.

வளர்க்க முடியாவிட்டால்?

இடமில்லை, நேரமில்லை என்பது நியாயமான காரணம். அப்போதும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஒரு நாயைச் சில வாரங்கள் மட்டும் வீட்டில் வைத்துப் பழக்கிக் கொடுக்கலாம். வீட்டில் இருந்து பழகிய நாய்க்கு வீடு சீக்கிரம் கிடைக்கும். காப்பகத்துக்குப் பழைய பெட்ஷீட், சாக்கு, அரிசி கொடுக்கலாம். உங்கள் தெருவில் இருக்கும் ஒரே ஒரு பெண் நாய்க்குக் கருத்தடை செய்ய நாலு வீடு சேர்ந்து பொறுப்பெடுத்தால், அடுத்த வருடம் ஏரிக்கரையில் வீசப்படும் குட்டிகள் அத்தனை குறையும். போனில் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, அதன் வயது, குணம், கருத்தடை விவரத்தோடு நண்பர்களுக்கு அனுப்பலாம். 'பாவம், யாராவது எடுத்துக்கோங்க' என்பதைவிட, 'மூணு வயசு, கோழியத் துரத்தாது, குழந்தைங்ககிட்ட சாது' என்ற ஒரு வரிக்குப் பலன் அதிகம்.

டாடா குழுமத்தின் தலைமையகமான மும்பை 'பாம்பே ஹவுஸ்' 2018-ல் புதுப்பிக்கப்பட்டபோது, அங்கே சுற்றும் தெருநாய்களுக்கென்றே ஓர் அறை ஒதுக்கினார்கள். ரத்தன் டாடாவின் செல்ல நாய் 'கோவா'வும் ஒரு தெருநாய்தான். நம் வீட்டில் தனி அறை தேவையில்லை. திண்ணையில் ஒரு சாக்கு, இரண்டு வேளைச் சோறு, வருடத்துக்கு ஓர் ஊசி போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காப்பகத்துக்குப் போய்வாருங்கள். கூட்டி வரவேண்டும் என்றில்லை, சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். கேட்டில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறதே ஒரு செவலை... அது பொட்டை நாயாக இருந்தால், அதன் காதைப் பாருங்கள். நுனியில் அந்தச் சின்ன வெட்டு இருந்தால், 'பொட்டையா... வேணாங்க' என்று சொல்ல உங்களிடம் காரணம் ஏதும் மிச்சமிருக்காது.